மானேஜரின் நாலாவது வேலை

"எங்க மட்டக்குதிரை ஒண்ணு ஒருநாள் ரயிலையே இழுத்துட்டுப் போய் பிளாட்பாரத்துல விட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் மானேஜர் என்கிற குதிரையின் வாலில் சிக்கியிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்த வாடகை நாற்காலிக்காரருக்குத் துக்க வீட்டில் சிரிக்கலாமா கூடாதா என்று புரியவில்லை. "இன்ஜினோடயா?" என்று மட்டும் கேட்டார்.

"இன்ஜின் இல்லாம ரயில் ஏது? உள்ள டிரைவர் உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தாரு. ஒரு சொட்டு சிந்தலையே!"

அங்கே நிறுத்தினார். கல்யாணமான புதிதிலிருந்து அந்த இடத்தில் நிறுத்துவது வழக்கம். நிறுத்தினால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "ரயில் இல்ல, டிராலி. அதுவும் காலி டிராலி." அந்தக் குரலைக் கேட்கத்தான் அவர் கதையே சொல்வார். இன்றைக்கும் காதைச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். மின்விசிறியின் சத்தம் மட்டும் வந்தது. முன்னறையில் பெட்டிக்குள் படுத்திருந்தவள் இந்த ஒரு தடவை அவர் சொன்னதை அப்படியே விட்டுவிட்டாள்.

அவர் குனிந்து வாலில் அடுத்த முடிச்சைத் தேடினார்.

ஊரில் அவருக்குப் பெயர் ஸ்பீக்கர். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்து ஓய்வு பெற்றவர். அவர் வாசித்தால், ஏற வேண்டியவர்கள் மட்டுமில்லை, வழியனுப்ப வந்தவர்களும் ஏறிப் போய்விடுவார்கள். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் ரயில்களே எந்த நடைமேடைக்குப் போவதென்று தெரியாமல் ஊருக்கு வெளியே நின்றன. நம்பாதவர்கள் ரயில்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

குதிரைகள் அவருடையவை அல்ல, மனைவியுடையவை. வரிமுதுகு என்று ஒரு இனம். மனிதர் நெஞ்சளவுதான் உயரம். பிடரியிலிருந்து வால் வரை முதுகில் ஒரே கறுப்புக் கோடு, யாரோ அடிக்கோல் வைத்துப் போட்டது போல. ஒருகாலத்தில் கரி விற்பவர்களும் தபால்காரர்களும் வைத்திருந்தார்கள். லாரி வந்ததும் அவர்கள் கைவிட்டார்கள். எங்கெங்கோ மிச்சமிருந்தவற்றைத் தேடிப் பிடித்து, எதை எதோடு சேர்ப்பது, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, ஒரு மந்தையாகப் பெருக்கினவள் அவள். ஏறி உட்கார்ந்தால் சவாரி, பூட்டினால் வண்டி, கட்டினால் பொதி, எதற்கும் முகம் சுளிக்காத சாதி. அவள் வளர்த்தாள், அவர் ஊர் ஊராகப் போய்க் கண்காட்சி மைதானங்களில் மைக்கைப் பிடித்தார். "இந்தக் குதிரை வீட்டுக்கணக்கு மட்டும்தான் எழுதாது" என்பது அவள் பேசச் சொல்லிக் கொடுத்த வசனம். "அதையும் எழுதும், எழுத்துதான் கொஞ்சம் கோணல்" என்பது அவர் சேர்த்தது. அங்கேதான் வினை பிடித்தது. அவர் சேர்த்ததைக் கேட்டு, அவள் சொன்ன உண்மையையும் யாரும் நம்பவில்லை.

நம்பாதவர்களில் முதல் ஆள் அவளுடைய சொந்தத் தம்பி. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பட்டப் பெயர் தராசு. அக்காவின் தீவனக் கிடங்குத் தராசில் இம்மி குறை இருந்ததென்று அதற்கே சீல் வைத்தவர். அன்று இரவு அதே அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டில் உப்பு கூட என்றும் சொன்னவர். "அக்கா, உன் குதிரைங்கள்ல நீ வளர்த்தது பாதி, அத்தான் வாய் வளர்த்தது மீதி" என்பார்.

அந்தத் தராசு இப்போது தெருமுனையிலிருந்து மேடேறி வந்தார். கண் சிவந்திருந்தது. கைக்குட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது.

"அத்தான், ஒரு ரயில் எத்தனை டன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வந்துட்டியா மாப்ளே. மறுத்துப் பேச ஆளில்லாம கதை பாதியில நிக்குது."

தராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சன்னலைப் பார்த்தார். பிறகு, துக்கம் தாங்காத ஆண்கள் செய்வதைச் செய்தார், வேலை ஏவ ஆரம்பித்தார்.

"நாற்காலியெல்லாம் முனையிலயே கிடக்கு. குழாய் போடறேன்னு தெருவையே பிளந்து வெச்சிருக்கானுங்க. குழி மேல தகடு போட்டிருக்கு, ஆள் நடக்கலாம், வேன் வராது. ஜனங்க வர்ற நேரம். எத்தனை நடை சுமக்கறது?" கண் மானேஜர் மேல் விழுந்தது. "இது சும்மாதானே நிக்குது?"

பொதிச் சேணத்தை அவரே எடுத்து மாட்டினார். மானேஜரோடு முனைக்குப் போய், நாற்காலிகளை இரண்டு பக்கமும் கட்டினார். கட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இந்தப் பக்கம் இறங்குது" என்று மறுபக்கத்தில் ஒரு தண்ணீர்க் கேனைச் சேர்த்தார். திரும்பப் பார்த்தார். முள் நடுவில் நின்றதும்தான் நடக்கவிட்டார். இரும்புத் தகடு குளம்புக்கடியில் கோயில்மணி மாதிரி அதிர்ந்தது. வேறு குதிரையாக இருந்தால் அடுத்த ஊரில்தான் பிடித்திருக்க வேண்டும். மானேஜர் முதல் அடியில் தகட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். கடைக்குள் நுழைந்த மேலதிகாரி போலக் கடந்து வந்தாள். அதனால்தானே அவளுக்கு மானேஜர் என்று பெயர்.

ஸ்பீக்கர் அறிவிப்புக் கொடுக்க வாயைத் திறந்தார். மகள் வாசலிலிருந்து முறைத்தாள். மூடிக்கொண்டார்.

மகள் வெளியூரில் இருப்பவள். "அப்பா என்கூட வந்துடட்டும், குதிரைங்கள கேக்கறவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடலாம்" என்று காலையிலேயே மாமனிடம் சொல்லியிருந்தாள். தப்பில்லை. வேறு வழியும் இல்லை. ஒரு வழி இருந்தது, அது அம்மாவோடு படுத்துவிட்டது.

குதிரைச் சங்கத்தின் பதிவேட்டில் வரிமுதுகு தனி இனமாக ஏறிவிட்டால், மந்தையைப் பிரிக்கக் கூடாது, சங்கமே வைத்துப் பராமரிக்கும். ஏறுவதற்கு மூன்று குதிரைகள் நாலு வேலைச் சோதனையில் தேற வேண்டும். பொதி, சவாரி, வண்டி, நிற்பது, எல்லாம் ஒரே குதிரை, ஒரே நாளில். இரண்டு தேறிவிட்டன. மூன்றாவது மானேஜர். மூன்று தடவை போய், மூன்று தடவையும் நாலாவது வேலையில் தோற்றாள். ஒரு இடத்தில் கட்டாமல் நிறுத்திவிட்டு எஜமானி கண்ணுக்கு மறைந்து போக வேண்டும், 'ஆச்சு' என்ற சொல் காதில் விழும் வரை குதிரை நகரக் கூடாது. மானேஜர் எஜமானியின் முதுகு திரும்பியதுமே பின்னால் நடந்துவிடுவாள். "அதுமேல தப்பில்ல" என்பாள் அவள். "நான் திரும்பி வருவேங்கற நம்பிக்கைய அதுக்கு நான் இன்னும் குடுக்கல." மூன்று தடவையும் சாட்சியாக நின்று 'நிற்கவில்லை' என்று சொன்னவர் தராசுதான். உறவுக்காரர் சாட்சி சொல்லலாமா என்று சங்கத்தில் யாரும் கேட்கவில்லை. அக்காவின் தராசுக்கே சீல் வைத்த ஆள் அல்லவா.

சோதனைக்கு விதிகள் இருந்தன. வேலையை ஏவுவது சாட்சியாக இருக்க வேண்டும். சொந்தக்காரரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் சோதனை தொடங்கியதிலிருந்து முடியும் வரை குதிரையிடமோ குதிரையைப் பற்றியோ ஒரு சொல் பேசக் கூடாது. இந்த இரண்டாவது விதி முன்பு கிடையாது. முதல் சோதனையில் ஸ்பீக்கர் மைக்கோடு வந்து நின்ற பிறகுதான் போட்டார்கள்.

விண்ணப்பத்தின் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. மாதமும் முடியத்தான் இருந்தது.

நாற்காலிகள் போட்டு முடிந்த நேரத்தில் முனையில் ஒரு கார் நின்றது. சங்கத்தின் செயலாளரம்மா, கையில் மலர் வளையத்தோடு இறங்கினார். முழங்காலில் கட்டு. தகட்டைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

தராசு கீழே இறங்கிப் போனார், மானேஜரின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு. போகிற வழியிலேயே பொதிச் சேணம் கழன்று சவாரிச் சேணம் ஏறியிருந்தது.

"ஏறுங்கம்மா."

"நானா? சங்கத்துக்குச் செயலாளர்தான் சார், ஏறி எத்தனையோ வருஷமாச்சு."

"இதென்ன பெரிய குதிரையா? மட்டம். விழுந்தாலும் தரை பக்கத்துலதான் இருக்கு."

செயலாளரம்மா மலர் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, தகடு அதிர, மேடேறி வந்து சேர்ந்தார். ராணிகள் இப்படித்தான் பட்டணப் பிரவேசம் செய்வார்கள் என்று ஸ்பீக்கருக்கு ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அந்த இடத்தில்தான் அவருக்கு உறைத்தது.

பொதி. சவாரி. இரண்டையும் ஏவினது சாட்சி.

செயலாளரம்மா இறங்கி, ஆறுதல் சொல்ல அவருடைய கையைப் பிடித்தவர், பாதியில் நிறுத்தினார். மானேஜரைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். பிடித்திருந்த கையில் இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். ஸ்பீக்கர் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். தராசின் காதில் விழுந்தால் அவ்வளவுதான். 'ஏற்பாடு பண்ணது செல்லாது' என்று அந்த நிமிடமே கடிவாளத்தை உதறிவிடுவார்.

அந்த உதடு அன்று மாலை வரை திறக்கவில்லை. பூட்டுக்கடைக்காரர்கள் வந்து பார்த்திருந்தால் அந்த உதட்டை மாதிரியாக எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆட்கள் வந்தார்கள். "ஸ்பீக்கர் பேசவே மாட்டேங்கறாரே" என்று காதோடு காது பேசினார்கள். சிலர் அதைப் பார்த்துத்தான் அழுதார்கள். அவர் அவளுடைய தலைமாட்டில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் அந்த ஒரு சுருக்கம் அப்படியே இருந்தது, பொய்யைக் கேட்டால் விழுகிற சுருக்கம். அவளிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று தோன்றியது. விதி விதிதான். அவளே கோபித்துக்கொள்வாள்.

சவ வேன் முனையோடு நின்றுவிட்டது. பெட்டியைத் தோளில் தூக்க நாலு பேர் தயாரானார்கள். தராசு தகட்டை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார்.

"வேணாம். நாலு பேர் நடை நாலு விதமா இருக்கும். தகடு ஆடும், சறுக்கும். சின்ன வண்டிய எடுங்க."

"மாமா!" என்றாள் மகள். "அம்மாவ குதிரை வண்டியிலயா?"

"வேற எதுல போவா உங்கம்மா?"

மகள் உள்ளே போய், அம்மா தோட்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் பழைய செருப்பை எடுத்து வந்து வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தராசே பூட்டினார். வார்களை இழுத்துப் பார்த்தார், பெட்டி நடுவில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், ஒரு விரல்கடை நகர்த்தினார். மானேஜர் இறக்கத்தில் முழுப் பாரத்தையும் பின்னங்கால்களில் வாங்கிக்கொண்டு, வண்டி தன்னை முந்தாமல், ஒரு கல்லில்கூடச் சக்கரம் இடறாமல் இறங்கினாள். சக்கரம் உருண்டதா என்றே சந்தேகம். பெட்டிக்குள் இருந்தவள் கையில் டீ கொடுத்திருந்தால் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது. இது ஸ்பீக்கர் சொன்னதில்லை. அவர்தான் வாயைத் திறக்கவில்லையே. ஊரே பார்த்தது.

வண்டிக்குப் பின்னால் நடந்தபோது செயலாளரம்மா அவருடைய முழங்கையை மூன்று விரலால் தொட்டார்.

முனையில் பூட்டிக் கிடந்த ஒரு மரக்கடை. அதன் முன்னால் அகலமாகச் சிமெண்ட் தரை. அங்கே பெட்டியை வேனுக்கு மாற்றினார்கள். மானேஜரை அவிழ்த்து, வண்டியைச் சுவரோரம் தள்ளினார்கள். வேனின் பின்கதவு மூடியது. அந்தச் சத்தத்துக்கு மானேஜர் காதை நிமிர்த்தினாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி.

வேனில் ஏறப்போன தராசு திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

"நில்லு."

அக்காவும் தம்பியும் ஒரே தொண்டையில் பிறந்தவர்கள் போல இருந்தது அந்தச் சொல். கூட்டத்தில் இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மானேஜர் நின்றாள்.

தராசு அதைப் பிறகு யோசிக்கவில்லை. யாராவது பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருப்பார். ஆனால் ஊர் முழுக்க அடக்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. வேன் நகர்ந்தது.

"அப்பா, மானேஜர யாரு வீட்டுல கொண்டுபோய் விடறது?" என்றாள் மகள்.

ஸ்பீக்கர் கண்ணாடி வழியே பார்த்தார். சிமெண்ட் தரை நடுவில், கயிறில்லாமல், வரிபோட்ட முதுகோடு அவள் நின்றுகொண்டிருந்தாள், வேனையே பார்த்தபடி. 'ஆச்சு' என்று ஒரு சொல் கத்தினால் போதும். நாள் முழுவதும் உழைத்த பிராணி. தண்ணீர்கூடக் காட்டவில்லை. அவருடைய கை கண்ணாடியை இறக்கப் போனது. மூன்று தடவையும் மனைவி தலையைக் குனிந்துகொண்டு மைதானத்திலிருந்து திரும்பி நடந்தது நினைவுக்கு வந்தது. பின்னாலேயே, தான் தோற்றது தெரியாமல், வாலை ஆட்டிக்கொண்டு வந்த மானேஜரும்.

"உட்காரும்மா" என்றார், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. வேன் திரும்பியது. மானேஜர் கண்ணுக்கு மறைந்தாள்.

அடக்கம் நடந்த இடத்தில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கடைசியாக நாலு வார்த்தை ஸ்பீக்கர்தானே பேச வேண்டும். அவர் எழுந்தார். அவளைப் பற்றிப் பேச வேண்டும், குதிரை என்ற சொல் வரக் கூடாது. கடலைப் பற்றிப் பேசு, தண்ணீர் என்று சொல்லாதே என்றது போல. நின்று நின்று பார்த்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அவ பொய் சொன்னதில்ல" என்றார். "அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன அறிவிப்பு. தராசு தலையைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையை முதல்முறையாக மடிப்புக் கலைத்தார். மண் போட்டபோது மழை பிடித்தது. காற்றே இல்லாத, நேராக விழுகிற மழை. அவசரமில்லாமல், விடாமல் பெய்தது.

திரும்பும்போது செயலாளரம்மாவின் கார் பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது. முனை வந்ததும் தராசு முன்கண்ணாடியைக் கையால் துடைத்தார். திரும்பத் துடைத்தார்.

"ஐயோ" என்றார். "நிறுத்துப்பா."

வேன் நிற்பதற்குள் இறங்கிவிட்டார். குடையை விரிக்கவும் மறந்து கக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓடினார். மானேஜர் விட்ட இடத்தில் நின்றிருந்தாள். பிடரி மயிர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. இமையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் கண்ணைச் சிமிட்டினாள், அது ஒன்றுதான் அசைவு. தராசு கோட்டைக் கழற்றி அவள் முதுகில் போட்டார்.

"யாரும் உன்னக் கூட்டிட்டுப் போகலையா? ஏம்மா, நீயாவது வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா? நான்தான்... ஏதோ ஒரு வார்த்தை..." நின்ற குதிரையை விடுவிக்க அக்கா சொல்லும் சொல்லைப் பல தடவை கேட்டிருக்கிறார். கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "ஆச்சு. ஆச்சும்மா. போலாம்."

மானேஜர் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். உடம்பைச் சிலிர்த்து மழையை உதறினாள். காலைப் பெயர்த்து வைத்து, நேராக ஸ்பீக்கரிடம் வந்து அவருடைய நெஞ்சில் மூக்கை வைத்தாள். அவர் இரண்டு கையாலும் அந்தத் தலையைக் கட்டிக்கொண்டார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

தராசு மட்டும் நகரவில்லை. மழை ஒரு நிமிடம் விட்டிருந்தது, அவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

சிமெண்ட் முழுவதும் நனைந்து கறுத்திருந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் வெளுப்பாக, காய்ந்தபடி இருந்தது, ஒரு மட்டக்குதிரையின் வயிறும் மார்பும் எவ்வளவு அகலமோ அவ்வளவு. விளிம்புகூடக் கலைந்திருக்கவில்லை. முதல் சொட்டு விழுந்ததிலிருந்து கடைசி வரை அவள் ஒரு குளம்பு மாற்றி வைக்கவில்லை.

அவர் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையைக் காய்ந்த இடத்தில் வைத்தார். சாண் வைத்து ஒரு பக்கம் அளந்தார். பாதியில் கை நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கி, முனையில் கிடந்த நாற்காலிக் கயிற்றைப் பார்த்தார். சுவரோரம் இருந்த சின்ன வண்டியைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"அத்தான்... காலையிலேருந்து இதுக்காகத்தான் பேசாம இருந்தீங்களா?"

ஸ்பீக்கர் குதிரையின் காதுகளுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மகளுக்குத் தெரியவில்லை.

மழை மறுபடி பிடித்தது, காய்ந்த இடத்தில் சொட்டுகள் விழ ஆரம்பித்தன. ஒன்று, பிறகு இன்னொன்று, கறுப்புக் கறுப்பாக. தராசு பதறிப்போய்க் கக்கத்திலிருந்த குடையை உருவி, விரித்து, தரைக்கு மேலே பிடித்தார். குடை சின்னது. காய்ந்த இடத்தை மூடியது, அவரை மூடவில்லை. வழுக்கைத் தலையிலிருந்து தண்ணீர் மூக்கில் வழிய, வெறும் சிமெண்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு, வந்து நின்ற காரைப் பார்த்துக் கத்தினார்.

"செயலாளரம்மா! கால மெதுவா வெச்சு, ஆனா சீக்கிரம் வாங்க! நனையறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடுங்க. பொதி நான் கட்டினேன். சவாரி உங்களுக்கே தெரியும். வண்டியில எங்கக்கா போனா. நாலாவது இதோ." ஒரு நிமிடம் மூச்சு வாங்கினார். "நின்னுச்சும்மா. நான் சாட்சி."